மேரி பிரின்ஸ் சொன்ன சாட்சி

(சபை ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எட்மண்டன் கிரீனில் ரயில் ஏறி லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் இறங்கிச் சற்று நடந்தால் ஆல்டர்மன்பரி என்ற தெரு வரும். 1828ஆம் ஆண்டில் அங்கிருந்த அடிமைத்தன எதிர்ப்புச் சங்கத்திடம் உதவி கேட்டு ஒரு கறுப்பினப் பெண் வந்தார். அவர் பெயர் மேரி பிரின்ஸ்.

பெர்முடா தீவில் அடிமையாகப் பிறந்தவர். சிறுமியாயிருந்தபோதே தாயின் கண்முன்னால் அவரை ஏலத்தில் விற்றார்கள். பின்பு டர்க்ஸ் தீவு உப்பளத்தில் உப்பு நீரிலே நின்று வேலை செய்ததில் கால்கள் புண்ணாகின. ஆனையிறவு உப்பளம் பார்த்தவர்களுக்கு அந்த வெயிலைச் சொல்லி விளக்கத் தேவையில்லை.

ஆன்டிகுவாவுக்குப் போனபின், எஜமான் ஊரில் இல்லாத நாட்களில் பிறருக்குத் துணி வெளுத்தார். கப்பல்காரருக்குக் கோப்பியும் கிழங்கும் விற்றார். ஒருமுறை கப்பலில் மலிவாக வாங்கிய பன்றியைக் கரையில் இரட்டிப்பு விலைக்குக் கொடுத்தார். தன் விடுதலையைத் தானே விலைகொடுத்து வாங்கவே இப்படிக் காசு சேர்த்தார். எஜமானோ விற்க மறுத்துவிட்டார்.

அங்கே மொரேவியன் சபையார் அவருக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 1760இல் தரங்கம்பாடிக்கு மிஷனரிகளை அனுப்பியதும் அதே சபைதான். 1826இல் டானியல் ஜேம்ஸ் என்ற, அடிமையல்லாத ஒருவரை அந்தச் சபையிலே மணந்தார்.

1828இல் எஜமான் குடும்பம் அவரை லண்டனுக்குக் கொண்டுவந்தது. கொடுமை தாங்காமல் வெளியேறி, ஹாட்டன் கார்டனில் இருந்த மொரேவியன் மிஷனரிகளிடம் போனார். இங்கே இருந்தால் விடுதலை. கணவரிடம் திரும்பினால் மறுபடி அடிமை. ஊருக்குத் திரும்ப முடியாமல், குடும்பத்தைப் பிரிந்து இந்த நகரத்தில் காத்திருப்பது என்னவென்று நம்மில் பலருக்குத் தெரியும்.

1829இல் அவருக்காகப் பாராளுமன்றத்துக்கு மனுக் கொடுக்கப்பட்டது. பலன் கிடைக்கவில்லை. அவர் ஓயவில்லை. தன் வாழ்க்கையை அவர் சொல்லச் சொல்ல, சுசானா ஸ்ட்ரிக்லண்ட் எழுதினார்; தாமஸ் பிரிங்கிள் 1831இல் புத்தகமாக வெளியிட்டார். அந்த ஆண்டே மூன்று பதிப்புகள் வந்தன. அடிமைகள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்த ஊருக்கு, அனுபவித்தவளே பதில் சொன்னாள்.

1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலங்களும் இலங்கையும் அதில் சேர்க்கப்படவில்லை. இந்தியாவில் 1843 வரையும் இலங்கையில் 1844 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்துத் தேசவழமையிலே அடிமைகளைப் பற்றிய விதிகளே இருந்தன. அடிமைப்பட்டவர்களும் தமிழர், அவர்களை வைத்திருந்தவர்களும் தமிழர். மேரிக்காகக் கண்ணீர் விடுவது நமக்கு எளிது. நம் ஊர் மேரிகளின் கதையை நம் வீடுகளில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

சாட்சி சொல்ல ஒருவர் துணிந்தால், உட்கார்ந்து கேட்க இன்னொருவர் வேண்டும். நம் சபையிலே கடை வைத்தும், சமைத்து விற்றும், தைத்துக் கொடுத்தும் பிள்ளைகளை ஆளாக்கிய தாய்மார் இருக்கிறார்கள். என்ன சாதி, எந்த ஊர் என்று விசாரிப்பதை விட்டு, அவர்கள் கடந்து வந்ததைக் கேளுங்கள். இளையோரே, அதை எழுதி வையுங்கள்.