நாள் தள்ளிப்போகும் வரை காத்திருக்க வேண்டாம்



தாமிரபரணி கடலில் கலக்கும் இடம் புன்னைக்காயல். தமிழை அச்சேற்றிய அண்டிரிக் அடிகளார் 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கே இருந்தபோது, ஊர்மக்களின் உதவியோடு ஏழை நோயாளிகளுக்கென்று ஒரு மருத்துவமனை நடந்தது. முத்துக்குளித்துறை என்ற இந்தக் கடற்கரையில் நோயாளியைப் பேணும் வழக்கம் அவ்வளவு பழையது. இன்று பேசவிருக்கும் குறையோ, தாய் மருத்துவமனைப் படியேறுவதற்கு முன்பே நேர்ந்துவிடுவது.

கரு உருவான மூன்றாவது வாரத்தில் அதன் நீளம் சில மில்லிமீட்டர்தான். முதுகுப்பக்கத்தில் தட்டையாக ஒரு திசு. அதன் இரு ஓரங்களும் எழும்பி, ஒன்றை நோக்கி ஒன்று வளைந்து, ஓலையைச் சுருட்டியதுபோல் குழாயாகின்றன. இதுதான் நரம்புக்குழாய். மேற்பகுதி மூளையாகும், கீழ்ப்பகுதி தண்டுவடமாகும். 28 நாட்களுக்குள் குழாய் மூடிவிட வேண்டும். மேல்முனை மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் முழுதாக வளராது. அந்தக் குழந்தை பிழைப்பதில்லை. கீழே மூடாவிட்டால் முதுகில் பிளவு. கால்கள் செயலிழக்கலாம், சிறுநீர் கட்டுக்குள் நிற்காமல் போகலாம், தலையில் நீர் கோத்துக்கொள்ளலாம்.

அந்த 28-ஆம் நாளில் தாய்க்கு நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆகியிருக்கும். பலருக்கு அப்போதுதான் சந்தேகமே வரும். கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெயர் பதிந்து மாத்திரை வாங்குவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

இந்தியாவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், ஆயிரம் பிறப்புகளுக்குச் சுமார் 4 குழந்தைகளுக்கு இந்தக் குறைபாடு. ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் குடும்பங்கள்! அந்தக் குடும்பங்களில் பழி விழுவதோ பெரும்பாலும் தாய்மேல். கிரகணத்தில் வெளியே வந்தாள் என்பார்கள். கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

தொடர்பு உள்ளது ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினுக்கு. அதன் கதை நம் நாட்டில்தான் தொடங்கியது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய் நெசவாலைகளில் வேலைபார்த்த கர்ப்பிணிகளின் கடும் ரத்தசோகையை ஆராய்ந்து, ஈஸ்ட் சாறு அதைக் குணப்படுத்துவதை 1931-இல் வெளியிட்டார். அந்தச் சாற்றில் இருந்தது ஃபோலேட் என்பது பிறகு தெரிந்தது. 1991-இல் ஏழு நாடுகளில் நடந்த பிரிட்டிஷ் ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. முன்பு இக்குறைபாடுள்ள குழந்தையைச் சுமந்த பெண்கள் கருத்தரிக்கும் முன்பிருந்தே இந்த வைட்டமினை எடுத்துக்கொண்டபோது, மறுபடி அது வருவது 72 சதவீதம் குறைந்தது.

கனடா இந்த வைட்டமினை மாவில் கலந்தது; அங்கே இக்குறைபாடு ஏறத்தாழப் பாதியானது. நம் ஊரில் செறிவூட்டிய அரிசிக்கு வகுத்த அளவு கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம். ஒரு பெண்ணுக்கு வேண்டியதோ நாளுக்கு 400. அரிசியை மட்டும் நம்பினால் போதாது.

அதனால்தான் தூத்துக்குடிக் கடற்கரையில் குவிந்து கிடக்கும் உப்பின்மேல் கண் போகிறது. உப்பு ஆலையில் ஓடும் பட்டைமேல் அயோடின் கரைசலைத் தெளித்துக் கலக்கும் வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது. அதே உப்பில் ஃபோலிக் அமிலமும் சேரலாம். தென்னிந்தியாவில் நான்கு கிராமங்களின் பெண்கள் நான்கு மாதம் அப்படிப்பட்ட உப்பைச் சமையலுக்குப் பயன்படுத்தினார்கள். அவர்கள் ரத்தத்தில் ஃபோலேட் மூன்று மடங்குக்கு மேல் கூடியது. அந்த ஆய்வு 2024-இல் வெளியானது. அதற்கு முந்தைய ஆண்டே உலகச் சுகாதாரப் பேரவை, உணவில் ஃபோலிக் அமிலம் சேர்க்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது. இந்தியாவின் பெரிய உப்பளங்களில் ஒன்றான தூத்துக்குடி இதில் முந்திக்கொள்ள வேண்டும்.

உப்பு வரும்போது வரட்டும். மாத்திரை இப்போதே கிடைக்கிறது, விலையும் குறைவு. கல்யாணம் நிச்சயமான பெண்களும் அடுத்த குழந்தைக்குத் தயாராகும் பெண்களும் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ஃபோலிக் அமில மாத்திரையைக் கேளுங்கள். கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தாவது நாள்தோறும் சாப்பிடுங்கள். முதல் குழந்தைக்கு இக்குறை இருந்திருந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ, வலிப்புக்கு மாத்திரை எடுத்தாலோ, நீங்களாக எதையும் நிறுத்தாமல் முன்கூட்டியே மருத்துவரைப் பாருங்கள். உங்களுக்குக் கூடுதல் அளவு தேவைப்படலாம்.