கத்தரியால் வளர்ந்த தோட்டம்



தோட்டம் என்றதும் நம்மில் யாரும் பூந்தோட்டத்தை நினைப்பதில்லை. ரப்பர் நிரையும் செம்பனையும் காலைப் பிரட்டும்தான் நினைவுக்கு வருகின்றன. இன்று நாம் சுற்றிப் பார்க்கப் போவதும் ஒரு தோட்டம்தான். ஆனால் அங்கே பால் எடுப்பதில்லை, குலை வெட்டுவதில்லை, விற்பதற்கென்று எதுவும் விளைவதில்லை. வேலைக்கு மட்டும் குறைவே இல்லை.

பிரான்சு நாட்டின் தென்மேற்கில் தோர்தோன் என்னும் ஆறு ஓடுகிறது. அதன் கரையில் ஓங்கி நிற்கும் பாறைக் குன்றின்மேல், 22 ஹெக்டர் பரப்பில், அதாவது சுமார் 54 ஏக்கரில் அமைந்திருக்கிறது மார்க்கேசாக் தோட்டம். உள்ளே நுழைந்ததும் பூக்களைத் தேடாதீர்கள். எங்கு பார்த்தாலும் பச்சை உருண்டைகள்! முட்டையைப் போல் சில, பிசைந்து உருட்டி வைத்த மாவைப் போல் சில, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து படுத்திருக்கும் ஆட்டு மந்தையைப் போல் சில. எல்லாம் 'பாக்ஸ்' என்னும் செடிகள். மொத்தம் 150,000 செடிகளுக்கு மேல் உண்டு. நடைபாதைகள் மட்டுமே 6 கிலோமீட்டரைத் தாண்டும். செடியை மயிலாகவும் கரடியாகவும் வெட்டி நிறுத்தும் தோட்டங்கள் வேறு நாடுகளில் இருக்கின்றன. அவை பிள்ளைகளுக்கு நல்ல வேடிக்கைதான். நமக்கு என்னவோ இந்த உருண்டைகளே அழகாகப் படுகின்றன.

ஏன் இந்தச் செடியைத் தேர்ந்தெடுத்தார்கள்? இதன் இலை விரல் நகம் போலச் சிறியது. குளிர்காலத்திலும் உதிராது. வளர்ச்சியோ மிக மெதுவானது. அதனால் கட்டை இறுகிப் போயிருக்கும். பச்சையாக வெட்டிய துண்டைத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். சீப்பு, அளவுகோல், சதுரங்கக் காய், படம் அச்சடிக்கும் கட்டை ஆகியவற்றை அந்நாட்களில் இதில்தான் செய்தார்கள்.

இனி, வெட்டும் வேலையைப் பார்ப்போம். கிளையின் நுனி மொட்டு இருக்கும் வரையில், கீழேயுள்ள பக்க மொட்டுகளை அது எளிதில் வளர விடாது. நுனியை நறுக்கிவிட்டால் அவை விழித்துக்கொள்ளும்; ஒரு கிளை இருந்த இடத்தில் இரண்டு மூன்று கிளைகள் வரும். கேமரன் மலையில் கொழுந்து கிள்ளக் கிள்ளத் தேயிலைச் செடி மேசை போல் தட்டையாக அடர்வதும் இதனால்தான். பிள்ளைகளே, வீட்டு வேலியிலுள்ள செம்பருத்தியில் ஒரே ஒரு கிளையின் நுனியை நறுக்கிவிட்டு, அதில் நூல் கட்டி வையுங்கள். வாரம் ஒருமுறை எத்தனை துளிர் வருகிறது என்று எண்ணி எழுதி வாருங்கள்.

மார்க்கேசாக்கில் ஆண்டுக்கு இருமுறை கைக் கத்தரியால் வெட்டுகிறார்கள். இயந்திரம் வேகமானதுதான், ஆனால் அது இலையைக் கிழித்துவிட்டால் ஓரம் பழுப்பாகிப் போகும். பொதுவாகப் பாக்ஸ் செடியைக் கடும் வெயிலில் வெட்டினால் உள்ளிலை கருகும். ஈரத்தில் வெட்டினால் பூஞ்சை நோய் செடிவிட்டுச் செடி பரவும். கத்தரியைத் துடைத்துத் துடைத்தே வெட்ட வேண்டும்.

இங்கே பெரும்பாலான செடிகளை வைத்தவர் ஜூலியன் தெ செர்வால் என்பவர். 1861-இல் இந்த இடம் அவர் கைக்கு வந்தது. இத்தாலியத் தோட்டங்களில் அவருக்குப் பெரும்பற்று. 1893-இல் இறக்கும் வரையில் பல்லாயிரம் செடிகளை நட்டார் என்று எழுதுகிறார்கள். அத்தனை குழிகளையும் அவர் ஒருவரே தோண்டியிருப்பாரா என்ன? 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கவனிப்பார் இல்லை. உருண்டைகள் உருத் தெரியாமல் வளர்ந்து, இடம் காடாகப் போயிற்று. 1996-இல் சீரமைக்கத் தொடங்கி, 1997-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். பாக்ஸ் செடி பழைய கட்டையிலிருந்தும் துளிர்க்கும் இயல்புடையது. அது பெரிய உதவி.

செடியை வெட்டி உருவம் செய்யும் கலை மிகப் பழையது. சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன் பிளினி என்ற ரோமானியப் பிரபு தம் தோட்டத்தைப் பற்றி ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அங்கே பாக்ஸ் செடிகளை எழுத்து வடிவிலும் வெட்டி வைத்திருந்தார்களாம். ஓரிடத்தில் எசமானின் பெயர். இன்னோரிடத்தில் வெட்டிய தொழிலாளியின் பெயர்! அந்நாளில் இவ்வேலை செய்தவர்களில் பலர் அடிமைகள். கடிதத்தில் அந்தத் தொழிலாளியின் பெயரை மட்டும் பிளினி குறிப்பிடவில்லை.

இப்போது இந்தச் செடிகளுக்கு ஒரு பகை முளைத்திருக்கிறது. கிழக்காசியாவிலிருந்து வந்த ஒரு வகை அந்துப்பூச்சியை 2007-இல் செருமனியில் கண்டார்கள். பின்னர் அது ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பரவிவிட்டது. அதன் பச்சைப் புழு செடியின் உட்புறத்தில் இருந்துகொண்டு இலைகளைத் தின்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் முதலில் ஒன்றும் தெரியாது. ஆகவே ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, இலைகளைக் கையால் விலக்கி, ஒவ்வொரு செடியாக உள்ளே பார்த்து வருகிறார்கள்.