ஆஸ்பத்திரி ஆராய்ச்சியும் உழைப்பாளி மக்களும்

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்.)



"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் நம்மை வைத்துப் பரீட்சை பார்ப்பார்கள்" என்று ஒரு பேச்சு நம் மத்தியில் வெகு காலமாக இருக்கிறது. டாக்டர் ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் பாதிப் பேர் பயந்து எழுந்து வந்துவிடுகிறார்கள். மீதிப் பேர் என்ன ஏதென்று கேட்காமல் கைநாட்டு வைத்துவிடுகிறார்கள். இரண்டுமே நமக்கு நஷ்டம்தான். ஆகவே இந்தக் காகிதம் என்ன, இந்தப் பரீட்சை என்ன என்பதைப் பற்றி இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன். நான் வைத்தியம் படித்தவனல்ல. பள்ளி இறுதி வகுப்போடு நின்றவன். ஆனாலும் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. ஒரு மருந்து நல்ல மருந்து என்று எப்படித் தெரியும்?

வயல் வேலை செய்கிறவர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. மிராசுதார் புது விதையை வாய்க்கால் ஓரத்து நல்ல வயலிலே விதைக்கிறார். பழைய விதையை மேட்டு வயலில் விதைக்கிறார். அறுவடையில் புது விதை அதிகம் கண்டது என்கிறார். ஒப்புக்கொள்வீர்களா? "விதை விளைந்ததா, வயல் விளைந்ததா?" என்று கேட்பீர்கள். மருந்திலும் அதே சங்கதிதான். தேறக்கூடிய நோயாளிக்குப் புது மருந்தும், மோசமான நோயாளிக்குப் பழைய மருந்தும் கொடுத்துவிட்டு, புது மருந்து வென்றது என்றால் அதிலே உண்மை இல்லை. எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்பதை டாக்டரும் தீர்மானிக்கக் கூடாது, கம்பெனிக்காரனும் தீர்மானிக்கக் கூடாது. சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும். அப்போதுதான் இரண்டு பக்கமும் சமமாக அமையும். இந்த யோசனை வயலிலிருந்துதான் ஆஸ்பத்திரிக்கு வந்தது. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற இடத்து விவசாய ஆராய்ச்சிப் பண்ணையில் 1920களில் பிஷர் என்ற கணித அறிஞர் எருவையும் பயிரையும் சோதிக்க வகுத்த முறை இது.

மனிதர்கள் விஷயத்தில் இம்முறையைப் பூரணமாகக் கையாண்ட பெயர்பெற்ற முதல் சோதனை க்ஷயரோகத்துக்காக நடந்தது. காசநோய், டி.பி. என்று இன்று சொல்கிறோமே, அதேதான். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற புது மருந்து வந்த சமயம். யுத்தம் முடிந்த பிரிட்டனில் எல்லோருக்கும் கொடுக்க மருந்து போதவில்லை. 107 நோயாளிகள். உறையிலிட்டு ஒட்டிய சீட்டுப்படி 55 பேருக்குப் படுக்கை ஓய்வோடு மருந்து; 52 பேருக்கு அன்றைய வழக்கப்படி ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேர் இறந்தார்கள். மற்றவர்களில் 14 பேர் இறந்தார்கள். 1948ல் இது வெளியானது. அதற்குப் பிறகு அந்த மருந்தைப் பற்றி யாரும் வாய்ச் சண்டை போட வேண்டியிருக்கவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் உலகம் முழுவதும் காசநோய் வைத்தியத்தை மாற்றிய ஒரு சோதனை சென்னையில் நடந்தது. அதில் பங்கெடுத்தவர்கள் ஏழை எளிய ஜனங்கள். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அந்தக் காலத்தில் டி.பி. வந்தால் சானடோரியத்துக்குப் போக வேண்டும். தாம்பரத்தில் இருந்ததே, அதைப் போல. நல்ல காற்று, முட்டை, பால், முழு ஓய்வு. மாதக் கணக்கில், சில பேருக்கு வருஷக் கணக்கில். பணமுள்ளவன் போவான். ஒரு மில் தொழிலாளி ஒரு வருஷம் போய்ப் படுத்தால் வீட்டில் அடுப்பு எரியுமா? திரும்பி வரும்போது வேலை இருக்குமா? கூலிப் பெண் ஒருத்தி கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போவாளா? போகலாமென்று துணிந்தாலும் இடமில்லை. நாட்டில் நோயாளிகள் லட்சக் கணக்கில். படுக்கைகள் ஆயிரக் கணக்கில். மனுப் போட்டுக் காத்திருந்து, முறை வருமுன்னே செத்தவர்கள் எத்தனையோ பேர்.

1956ல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு ஆராய்ச்சி நிலையம் அமைத்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை ராஜ்ய சர்க்கார், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்த முயற்சி. வாலஸ் பாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர் அதை வழிநடத்தினார். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி ரொம்பச் சாதாரணமானது: அதே மருந்தை வீட்டிலேயே வைத்துக் கொடுத்தால் என்ன?

படித்தவர்கள் பலர் நம்பவில்லை. ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கிற வீடு, அரை வயிற்றுச் சாப்பாடு, ஓய்வென்பதே கிடையாது. இங்கே மருந்து எப்படி வேலை செய்யும்? போதாததற்கு வீட்டில் உள்ளவர்களுக்கெல்லாம் நோய் ஒட்டிக்கொள்ளாதா? நியாயமான கேள்விகள்தான். ஆனால் கேள்விக்குக் கேள்வி பதிலாகாது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

சீட்டு முறைப்படி ஒரு பகுதியினர் சானடோரியம் சென்றார்கள். மறு பகுதியினர் தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். இருவருக்கும் ஒரே மருந்து: ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். என்ற இரண்டும், ஓராண்டு காலம். வீட்டு நோயாளிகள் நிலையத்துக்கு வந்து மருந்து வாங்கிச் செல்ல வேண்டும். சுகாதார ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து மாத்திரையை எண்ணிப் பார்ப்பார்கள். சிறுநீரைச் சோதித்து, மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதைக் கேட்டுச் சிலர் சிரிக்கிறீர்கள். ஆனால் மருந்தை வாங்கிப் பரணில் போட்டுவிட்டு "டாக்டர் மருந்து கேட்கவில்லை" என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லாமலில்லையே!

1959ல் முடிவு வெளியாயிற்று. ஓராண்டு முடிவில் நோய்க் கிருமி அடங்கியவர்கள், சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் நூற்றுக்கு 86 பேர். பாலும் முட்டையும் ஓய்வும் பெற்றவர்களுக்கும், குடிசையில் கிடந்து அரைச் சாப்பாடு சாப்பிட்டவர்களுக்கும் இடையில் இவ்வளவுதான் வித்தியாசம். உடன் வசித்தவர்களுக்கு நோய் தொற்றியதா என்றும் பார்த்தார்கள். நோயாளி வீட்டில் இருந்ததால் அபாயம் கூடிவிடவில்லை. மருந்து ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே தொற்ற வேண்டியது தொற்றிவிடுகிறது. மருந்து உள்ளே போனபின் தொற்றும் சக்தி வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

இதன் பலன் என்ன? சானடோரியத்தில் இடம் கிடைத்தால்தான் உயிர் என்ற நிலைமை போயிற்று. குடும்பத்தை விட்டுப் பிரியாமல் குணமாகலாம் என்றாயிற்று. பிறகு இதே நிலையம், வாரம் இரண்டு முறை ஊழியர் கண்முன்னே மருந்து கொடுக்கும் முறையையும் சோதித்தது. இன்று உலகமெங்கும் ஆள் முன்னிலையில் மருந்து விழுங்கச் சொல்கிறார்களே, அந்தப் பழக்கத்தின் வேர்களில் ஒன்று சென்னையில் இருக்கிறது. அந்த நிலையம் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் என்ற பெயரில் இன்றும் நடக்கிறது.

ஆனால் தோழர்களே, இந்த முடிவைப் புரட்டிப் பேசவும் ஆட்கள் இருந்தார்கள். "பார்த்தீர்களா, சாப்பாடு முக்கியமில்லை, வீடு முக்கியமில்லை, மாத்திரை போதும்" என்றார்கள். சோதனை அப்படிச் சொல்லவில்லை. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் ஏழையும் குணமாவான் என்றுதான் அது சொன்னது. ஏழைக்கு நோய் ஏன் அதிகம் வருகிறது என்ற கேள்வியை அது எடுத்துக்கொள்ளவே இல்லை. எடுக்காத கேள்விக்கு விடை கண்டதாகச் சொல்வது மோசடி.

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது அறுபது வருஷம் கழித்து நடந்த இன்னொரு சோதனை. ஜார்க்கண்டில், 2019 முதல் 2022 வரை. சென்னை நிலையமும் அதில் பங்கு கொண்டது. 2,800 நோயாளிகளின் வீடுகள். அவ்வீடுகளில் வசித்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். நோயாளிக்கு எல்லா வீட்டிலும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். ஒரு பகுதி வீடுகளில் மட்டும் குடும்பத்தாருக்கும் கொடுத்தார்கள். பெரியவர் ஒருவருக்கு மாதம் ஐந்து கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. அவ்வளவே. அந்தக் குடும்பங்களில் புதிதாக டி.பி. வருவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. 2023ல் இது வெளியானது. அரிசியும் பருப்பும் நோயைத் தடுக்கும் மருந்து என்று சீட்டுக் குலுக்கி, எண்ணிக் கணக்குப் பார்த்து நிரூபித்துவிட்டார்கள். கூலி உயர்வு கேட்கும்போது இந்தக் கணக்கை நாம் தாராளமாக எடுத்து வைக்கலாம்.

சோதனை என்றால் எப்போதும் நல்ல செய்திதான் வரும் என்று நினைக்க வேண்டாம். 1968ல் செங்கல்பட்டு ஜில்லாவில் பி.சி.ஜி. ஊசியைச் சோதித்தார்கள். கிராமத்து ஜனங்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையை நீட்டினார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் க்ஷயத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. ஊருக்கே ஏமாற்றம். இருந்தாலும் அதை மறைக்காமல் வெளியிட்டார்கள் அல்லவா, அதைப் பாராட்ட வேண்டும். (குழந்தைகளுக்கு வரும் கொடிய மூளைக்காய்ச்சல் டி.பி.யை அந்த ஊசி தடுக்கிறது. ஆகவே குழந்தைக்குப் போடாமல் இருந்துவிடாதீர்கள்.)

இன்று கண், இருதயம், எலும்பு, பிரசவம் என்று எல்லாப் பிரிவிலும் இம்மாதிரிச் சோதனைகள் நடக்கின்றன. ஒன்றே ஒன்று சொல்கிறேன். நெல் அறுக்கும்போது தாள் நுனி கண்ணில் குத்தி, பூஞ்சைக் காளான் பற்றிக் கருவிழி வெள்ளையாகிப் போனவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதற்கு நாடாமைசின் என்ற பழைய சொட்டு மருந்து இருந்தது. வோரிகோனசோல் என்ற புது மருந்து வந்தது. புதியதுதான் உசத்தி என்று பலர் எண்ணினார்கள். மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிகளில் சீட்டு முறைப்படி சோதித்து 2013ல் வெளியிட்டார்கள். பழைய மருந்தே மேல்! சோதனை இல்லாவிட்டால் புதியது என்ற ஒரே காரணத்துக்காக அதை வாங்கி, கண்ணையும் இழந்திருப்போம்.

இவ்வளவும் சொன்னதால் எல்லா ஆராய்ச்சியும் யோக்கியமானது என்று அர்த்தமில்லை. அமெரிக்காவில் அலபாமாவில் டஸ்கெகீ என்ற ஊரில் 1932ல் ஆரம்பித்தார்கள். மேகநோய் கண்ட 399 நீக்ரோ ஆண்கள்; பெரும்பாலும் பருத்தி வயல்களில் வாரத்துக்கு உழைத்தவர்கள். "உங்களுக்குக் கெட்ட ரத்தம், இலவச வைத்தியம்" என்று பொய் சொல்லி, நோய் முற்றுவதை வேடிக்கை பார்த்தார்கள். பென்சிலின் வந்தபிறகும் கொடுக்கவில்லை. செய்தது அந்நாட்டு அரசாங்கத்தின் சுகாதார இலாகா. பத்திரிகையில் அம்பலமான பிறகுதான், 1972ல், நிறுத்தினார்கள். நாற்பது வருஷம்!

நம் நாட்டிலும் 2009ல் அன்றைய ஆந்திராவில் கம்மம் ஜில்லாவிலும், குஜராத்தில் வதோதராவிலும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை ஆயிரக் கணக்கான சிறுமிகளுக்குப் போட்டார்கள். ஆதிவாசிக் குழந்தைகள் பலர். ஏழு சிறுமிகள் இறந்தார்கள். ஊசிதான் காரணம் என்று விசாரணையில் நிலைநாட்டப்படவில்லை. அந்த ஊசி அந்தப் புற்றுநோயைத் தடுக்கிறது என்பதும் உண்மை. ஆனால் சம்மதம் யாரிடம் வாங்கினார்கள்? பெற்றவர்கள் ஊரில் இருக்க, பல இடங்களில் ஹாஸ்டல் வார்டன் கையெழுத்துப் போட்டிருக்கிறார்! பார்லிமெண்டுக் கமிட்டி 2013ல் இதைக் கடுமையாகக் கண்டித்தது. பெற்ற தாயைக் கேட்காமல் குழந்தையின் கையைப் பிடித்தால், ஊசி அமிர்தமாக இருந்தாலும் அது அக்கிரமம்தான்.

இப்படிப்பட்ட அக்கிரமங்களை எதிர்த்து ஜனங்கள் கூச்சல் போட்டதால்தான் சட்டம் வந்தது. புது மருந்துச் சோதனைகளுக்கு 2019ல் இந்திய சர்க்கார் விதிகள் வகுத்திருக்கிறது. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும். குறைந்தது ஏழு பேர். அதில் ஒரு பெண், ஒரு சட்டம் தெரிந்தவர், வைத்தியத் தொழில் சாராத சாதாரண மனிதர் ஒருவர் இருக்க வேண்டும். அந்தச் சாதாரண மனிதர் யார் என்று நான் சில இடங்களில் விசாரித்துப் பார்த்தேன். ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர், பள்ளி நிர்வாகி என்றே இருக்கிறார்கள். ஒரு நூல்மில் தொழிலாளி ஏன் அதில் உட்காரக் கூடாது? தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டிய விஷயம் இது.

சரி, நாளைக்கே உங்களிடம் காகிதம் நீட்டுகிறார்கள் என்று வையுங்கள். பயந்து ஓட வேண்டாம். தமிழில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்குப் புரிகிற பாஷையில் விளக்க வேண்டியது அவர்கள் கடமை. படிக்கத் தெரியாதவராக இருந்தால், ஆஸ்பத்திரியைச் சேராத ஒரு சாட்சி பக்கத்தில் இருந்து முழுதும் கேட்க வேண்டும்; மகனையோ சங்கத் தோழரையோ அழைத்துப் போங்கள். எனக்கு எந்த மருந்து கிடைக்கும், சேராவிட்டால் என்ன வைத்தியம் உண்டு, எத்தனை தடவை வர வேண்டும், அந்த நாள் கூலிக்கு என்ன வழி என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைக் கேட்க வெட்கப்படாதீர்கள். இ.எஸ்.ஐ. உள்ள மில் தொழிலாளிக்காவது நோய்க்காலச் சம்பளம் என்று ஒன்று உண்டு. நாற்று நடுகிறவளுக்கு ஒரு நாள் போனால் போனதுதான்.

சேரமாட்டேன் என்று சொன்னால் வழக்கமான வைத்தியத்தை நிறுத்த யாருக்கும் அதிகாரமில்லை. சேர்ந்தபின் நடுவில் விலகிக்கொள்ளவும் உரிமை உண்டு. சோதனையால் உடம்புக்குக் கெடுதி வந்தால் இலவச வைத்தியம், நஷ்டஈடு உண்டு. சோதனையை நடத்துகிறவர்கள் பொறுப்பு. கையெழுத்தானபின் படிவத்தின் நகல் ஒன்று உங்களிடம் தர வேண்டும். அதில் டாக்டர் பெயரும் டெலிபோன் நம்பரும் இருக்கும். அதைச் சட்டைப் பையில் கசக்கி வைக்காமல் ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்; வீட்டில் இன்னொருவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று சொல்லி வையுங்கள்.