போனில் கார்டு போட இடமில்லை: படங்களை எங்கே வைப்பது?
(நம் சங்கக் கூட்டத்தில் பேசியது)



சென்ற ஆண்டு என் போன் தண்ணீரில் விழுந்தது. அம்மாவின் கடைசிப் படங்களும் அதோடு போயின. பழைய போனாக இருந்தால் மெமரி கார்டைக் கழற்றி வேறு போனில் போட்டிருப்பேன். இதில் கார்டு போட இடமே இல்லை.

ஐபோனில் 2007 முதலே அந்த வசதி கிடையாது. சாம்சங் 2015-ல் கேலக்ஸி எஸ்6-ல் எடுத்தது, எஸ்7-ல் திரும்பக் கொடுத்தது, 2021-ல் எஸ்21-ல் மறுபடியும் எடுத்துவிட்டது. போனுக்குள்ளேயே இருக்கும் மெமரி வேகமானதுதான். ஆனால் போன் போனால் அதுவும் போச்சு.

"கூகுள் போட்டோஸ் இருக்கிறதே" என்பீர்கள். அளவில்லாத இலவசம் 2021 ஜூன் 1-ல் முடிந்தது. இப்போது மெயிலோடு சேர்த்து 15 ஜிபிதான் இலவசம். அதற்கும் நெட் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை, டவர் இல்லை. அப்படியொரு நாளில் பட்டா நகல் ஆன்லைனில் மட்டும் இருந்து என்ன பயன்?

மூன்று காரியம் செய்யுங்கள்.

1. போன் வாங்கும்போதே கார்டு போட இடம் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் 128 ஜிபிக்குக் குறையாமல் வாங்குங்கள்.

2. சார்ஜர் சொருகும் இடத்திலேயே பொருந்தும் பென்டிரைவ் கிடைக்கிறது. மாதம் ஒருமுறை படங்களை அதில் ஏற்றுங்கள். திறந்து பார்த்த பிறகே போனில் அழியுங்கள். முக்கியமானவை இரண்டு இடத்தில் இருக்கட்டும்.

3. வாட்ஸ்அப்பில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்துங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெரியவர்களின் போனிலிருந்து தொடங்குங்கள்.