மூச்சு விடும் கனி

சேலத்திலிருந்து தில்லிக்கு மாம்பழம் வரவழைக்கும் நம்மவர் சிலர், காற்றை முற்றும் உறிஞ்சி மூடிய பையே சிறந்த காப்பென்று கருதுவர். நாமும் அவ்வாறே எண்ணி ஒரு கூடைப் பழத்தைக் கெடுத்தோம். பைகள் உப்பி, கள் நாற்றம் வீசிற்று. பறித்த பின்னும் கனி மூச்சு விடுகிறதே! காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடுள்ள பிராணவாயுவை அறவே நீக்கினால், கனிக்குள் சாராயம் ஊறத் தொடங்கும். ஆகவே முற்றிய காயாகப் பறித்து, வைக்கோலிட்டு, காற்றோட்டமுள்ள பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள்.

தோல் சீவி நறுக்கிய துண்டுகளுக்கோ காற்றகற்றிய பை ஏற்றதே. எனினும் அவற்றைக் குளிர்பெட்டியில் வைத்தல் வேண்டும். பிராணவாயுவின்றி வளரும் கிருமிகளும் உளவன்றோ? நெடுநாள் வேண்டுவோர் சுழியத்திற்குக் கீழ் 18 பாகையில் உறையவைக்கலாம். ஐப்பசியில் எடுத்தாலும் மணம் பெரும்பாலும் நிற்கும். சதையின் இறுக்கம் மட்டும் இராது.