ஆய்வு மாணவர்க்கு நூலகத் துணை
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இளங்கலைப் பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் மட்டுமே பெற்ற பள்ளித் தலைமையாசிரியன் முதுகலை ஆய்வைப் பற்றிப் பேசலாமா என்று நீங்கள் கேட்கலாம். என்னிடம் பயின்ற பிள்ளைகள் இன்று ஆய்வேடு எழுதுகின்றனர். 'முன்னாய்வு மதிப்பீடு' என்னும் இயலுக்கு வந்ததும் திகைத்து நிற்கின்றனர். வழிகாட்டப் படித்த அண்ணன் வீட்டில் இல்லை. நூல் நிறைந்த அலமாரியும் இல்லை. இக்குறையை நிறைக்க வல்லது நூலகமே. ஆதலின் அதனைப் பயன்கொள்ளும் முறை பற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

முன்னாய்வு மதிப்பீடு என்பது நூற்பெயர்களை வரிசையாக அடுக்குவது அன்று. நமக்கு முன் ஆராய்ந்தோர் எதைக் கேட்டனர், எச்சான்று கொண்டு எம்முடிவுக்கு வந்தனர், எதைக் காணாது விட்டனர் என்று நிறுத்துப் பார்ப்பதாகும். அவர்கள் விட்ட இடமே நாம் தொடங்கும் இடம்.

இதற்கு அண்ணல் அம்பேத்கரே சிறந்த எடுத்துக்காட்டு. கொலம்பியா பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, 1916 மே 9ஆம் நாள், பேராசிரியர் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில், இந்தியச் சாதிகளின் தோற்றம் பற்றி அவர் ஒரு கட்டுரை படித்தார். அப்போது அவருக்கு அகவை 25. செனார்ட், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேட்கர் ஆகிய நால்வரும் சாதிக்குத் தந்த இலக்கணங்களை முதலில் எடுத்து ஆராய்கிறார். தீட்டு என்பது சாதிக்கே உரிய தனி இயல்பு அன்று என்கிறார். பிறரோடு உடனுண்ணாமை சாதியின் விளைவேயன்றிக் காரணம் அன்று என்கிறார். ரிஸ்லியைச் சில சொற்களில் கடந்துவிடுகிறார்; எல்லார்க்கும் ஒரே அளவு இடம் தர வேண்டுவதில்லை என்பது இதனால் பெறப்படும். கேட்கர் கூறிய இரண்டு இயல்புகளும் உண்மையில் ஒன்றே என்று காட்டி, அகமணமே சாதியின் உயிர்நிலை என்னும் தம் முடிவை நிறுவுகிறார். பிறர் எழுதியதைப் படித்த படிப்பின் மீதே அவருடைய புதுக்கருத்து எழுந்தது.

இனி, நீங்கள் செய்ய வேண்டுவன யாவை?

முதலாவது, பொருளை ஒரு கேள்வியாகச் சுருக்குங்கள். 'நம் மக்களின் கல்வி' என்பது கடல். 'நம் மாவட்டத்து விடுதி மாணவியருள் சிலர் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிடுவது ஏன்?' என்பது கிணறு. கடலை அளக்க இயலாது, கிணற்றை இறைத்துவிடலாம்.

இரண்டாவது, தேடும் சொல்லில் கருத்து வையுங்கள். நம் மக்களைக் குறித்த பெயர் காலந்தோறும் மாறி வந்துள்ளது. 'ஆதிதிராவிடர்' என்பதை 1922இல் சென்னை அரசு ஏற்றது. 'அட்டவணைச் சாதியினர்' என்பது 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தில் வந்தது. 'தலித்' என்று மட்டும் தேடுபவர்க்குப் பழைய நூல்கள் பல கண்ணில் படமாட்டா. பஞ்சமர், தாழ்த்தப்பட்டோர், அரிசனர் என நாம் இன்று ஏற்காத பெயர்களையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இட்டுத் தேடத்தான் வேண்டும்.

மூன்றாவது, ஒரு நூல் கிடைத்ததும் அதன் வகைப்பாட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு அடுக்கருகே செல்லுங்கள். டியூயி பகுப்பு முறையில் சமூகப் பிரிவினர் பற்றியவை 305இலும், கல்வி பற்றியவை 370இலும் இருக்கும். நம் கேள்விக்கு இரண்டு அடுக்குகளையும் பார்க்க வேண்டும். நூலின் இறுதியிலுள்ள துணைநூற் பட்டியல் அடுத்த நூலுக்கு வழி சொல்லும். நூலகரைக் கேட்கக் கூச வேண்டா. வாசகரின் காலத்தை மிச்சப்படுத்துவது எஸ். ஆர். அரங்கநாதன் 1931இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்று. ஆகவே கேட்பது நம் உரிமை.

சென்னையில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமரா நூலகம், 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் படியைப் பெறும் நூலகங்களுள் ஒன்று. பழைய இதழ்களுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும், பழைய அரசாணைகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்தையும் நாடுங்கள். பல்கலைக்கழகங்கள் ஏற்ற முனைவர் பட்ட ஆய்வேடுகள் பல 'சோத்கங்கா' என்னும் இணையக் களஞ்சியத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சிற்றூரில் இருந்தபடியே கைப்பேசியில் படிக்கலாம்.

நான்காவது, நூலுக்கு ஓர் அட்டை எழுதுங்கள். ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்கம் ஆகியவற்றை அன்றே குறியுங்கள். கருத்தை உங்கள் சொல்லிலேயே எழுதுங்கள். பிறர் சொல்லை எடுத்தால் மேற்கோள் குறி இடுங்கள். பெயர் சொல்லாமல் எடுப்பது களவு.

இவ்வளவு உழைப்பு எதற்கு? தேடாமல் தொடங்கியவர், உதவித்தொகைக் காலம் முடியும் தறுவாயில், தம் முடிவை முன்பே ஒருவர் எழுதிவிட்டதை அறிந்து கலங்குவார். மற்றொன்றும் உண்டு. நம்மைப் பற்றிப் பிறர் எழுதியவை அடுக்கடுக்காக உள்ளன. படிக்காமல் மறுத்தால் எவரும் பொருட்படுத்தார். படிக்காமல் ஏற்றால் அது அடிமைத்தனம்.

இறுதியாகச் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகள் எழுதும் ஒவ்வோர் ஆய்வேட்டின் படியையும் சங்கத்தின் படிப்பகத்தில் வையுங்கள். அடுத்து வரும் பிள்ளைக்கு அதுவே முன்னாய்வு ஆகும்.