இதய வாயிலும் இன்னா செய்யாமையும்



கன்னடியன் கால்வாயின் மதகைக் கண்டவர்க்கு இதய வால்வை விளக்குதல் எளிது. பலகை தடையின்றி ஏறினால்தான் வயலுக்கு நீர் பாயும். இதயத்திலிருந்து உடலெங்கும் குருதி புறப்படும் வாயிலில் மூன்று மெல்லிய இதழ்கள் உள. முதுமையில் அவற்றின்மீது சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகும். 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் வரை திறக்கவேண்டிய வாயில் 1 சதுர சென்டிமீட்டருக்கும் கீழே சுருங்கும். படியேறுகையில் மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, மயக்கம் தோன்றும். "வயதானால் அப்படித்தான்" என்று நம் வீடுகளில் சொல்லிவிடுகிறோம். கடுமையான சுருக்கத்தில் இவ்வறிகுறிகள் தோன்றியபின் வாளாவிருந்தால், ஏறத்தாழப் பாதிப்பேர் ஈராண்டுக்குள் மறைகின்றனர்.

மருந்து இவ்விதழ்களை இளக்காது. மார்பைத் திறந்து மாற்றுவதே முன்பிருந்த வழி. 2002 ஏப்ரலில் பிரான்சின் ரூவான் நகரில் மருத்துவர் அலென் கிரிபியே, தொடை இரத்தக்குழாய் வழியே கதீட்டர் செலுத்திப் புது வால்வைப் பொருத்தினார். இன்று நம் நாட்டிலும் இச்சிகிச்சை நடைபெறுகின்றது.

நமக்குரிய வினா இங்கேதான் எழுகின்றது. அவ்வால்வின் இதழ்கள் மாட்டின் அல்லது பன்றியின் இதய உறையால் ஆனவை. குசராத்தில் உருவான 'மைவால்' என்பதும் மாட்டின் உறையால் ஆனதே. மாற்று இல்லாமலில்லை. பொதிகைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கி 1990இல் முதன்முதலாகப் பொருத்திய சித்ரா வால்வு, உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்டது. ஆயினும் அதற்கு மார்பைத் திறக்கவேண்டும். குருதி உறையாதிருக்க வாழ்நாள் முழுதும் மாத்திரை வேண்டும். எண்பது வயது உடல் தாங்குமா? இளமையில் ருமாட்டிக் காய்ச்சலால் மற்றொரு வால்வு சுருங்கியோர்க்கு, சப்பானிய மருத்துவர் இனோவே வகுத்த பலூன் முறையுண்டு. அதில் எப்பொருளும் உள்ளே தங்குவதில்லை. எனினும் இத்தகைய சிகிச்சைகளின்போது ஏற்றும் ஹெப்பாரின் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவது. முற்றிலும் தூய வழியென ஒன்றைக் காட்ட என்னால் இயலவில்லை.

இல்லறத்தார்க்கு விதித்தது அணுவிரதம். துறவியரின் மாவிரதம் அன்று. ஆகவே உயிர் காக்க இதனை ஏற்பவரை விரதம் கெட்டவர் என்னேன். மறுப்பவரை அறியாதவர் என்றும் எள்ளேன். ஆனால், பொழுது சாய்ந்தபின் உண்ணாத தந்தையிடம் வால்வு எதனால் ஆனதென்பதை மறைத்து, தாமே கையொப்பமிடும் மக்களை என் மனம் ஏற்கவில்லை. உடல் அவருடையது, விரதமும் அவருடையது.

எக்கோ பரிசோதனை முடிந்த அன்றே, "இதழ் எதனால் ஆனது? மாற்று உண்டா? தாமதித்தால் என்னவாகும்?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். அன்று கேட்டால் பெரியவரோடு அமர்ந்து பேச நாள் கிடைக்கும். மயங்கி விழுந்தபின் கேட்டால் கிடைக்காது.